வாழையை உரித்தால் உள்ளே தண்டு இருக்கிறதே, அப்புறம் எங்கே சூன்யம்?

மாலைவெயில் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து மாதமாக பௌத்தம் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அநித்தியம், அதாவது எதுவும் நிலையில்லை என்பது, புரிகிறது, சரி, புரிந்த மாதிரி இருக்கிறது. இந்தச் சூன்யம்தான் பிடிபடவே மாட்டேன் என்கிறது. (ஒரு கட்டுரையை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தேன், தலைப்பில் 'சூனியம்' என்று கொட்டை எழுத்து. அம்மா பார்த்துவிட்டு "யாருடா வச்சது?" என்று கேட்டதோடு நிற்காமல் அன்று சாயங்காலமே எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டார். விளக்கிச் சொல்லலாம் என்றால் எனக்கே விளங்கவில்லையே.)

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். படித்தது போதும், ஆற்றைப் பார், இலையைப் பார், தானாக விளங்கும் என்கிறார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று போன வாரம் ஊருக்குப் போனேன். திருவையாறு பக்கம். சம்யுத்த நிகாயம் என்ற பாளி மொழிப் புத்தர் உரைத் தொகுப்பில் 'பேண சுத்தம்' என்று ஒன்று (சுத்தம் என்றால் பாளியில் சூத்திரம்), நுரையைப் பற்றியது, புத்தர் கங்கைக்கரையில் இருந்தபோது சொன்னது. உடம்பு நுரைத்திரள் மாதிரி, உணர்ச்சிகள் மழைத்துளி விழுந்து எழும் குமிழி மாதிரி, இன்னதென்று அடையாளம் காண்பது கோடையின் கடைசி மாதத்தில் உச்சிவெயிலில் தெரியும் கானல் மாதிரி, மனம் கட்டி எழுப்புவதெல்லாம் வாழைமரம் மாதிரி, அறிவு நாற்சந்தியில் வித்தைக்காரன் காட்டும் மாயம் மாதிரி. கானலுக்கும் வித்தைக்காரனுக்கும் நான் எங்கே போவது, நுரையும் வாழையும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதிலிருந்தே ஆரம்பித்தேன்.

நுரை சுலபம். குடமுருட்டி மதகடியில் பழுப்பாக ஒரு குன்று போல ஒதுங்கி நின்றது. இரண்டு கையாலும் அள்ளினேன். கரை ஏறுவதற்குள் உள்ளங்கையில் கொஞ்சம் கலங்கல் தண்ணீரும் ஒரு வேப்பிலைக் காம்பும்தான் மிச்சம்.

வாழையில்தான் மாட்டிக்கொண்டேன். சூத்திரத்தில் வருகிறவன் வைரம் பாய்ந்த கட்டை தேடிக் கோடரியோடு காட்டுக்குள் போகிறான், நெடுநெடுவென்று நிற்கும் வாழையைப் பார்த்து அடியில் வெட்டி, உச்சியைக் கழித்து, மட்டை மட்டையாக உரிக்கிறான். மேல்மரம்கூட அகப்படவில்லை, வைரத்துக்கு எங்கே போக. நானும் கொல்லையில் தார் வெட்டி முடித்த பூவன் ஒன்றைச் சாய்த்து உட்கார்ந்து உரித்தேன். கையெல்லாம் கறை. பத்துப் பன்னிரண்டு மட்டை போனபின் உள்ளே வெள்ளை வெளேரென்று, என் முழங்கை கனத்துக்கு, தண்டு! அம்மா அதை நறுக்கி, மோரில் போட்டு நார் எடுத்து, மறுநாள் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்துவிட்டார். உள்ளே ஒன்றும் இல்லை என்று புத்தர் சொன்ன இடத்தில் இருந்ததை நான் சோற்றில் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. வாழைத்தண்டு அவருக்குத் தெரியாதா? இல்லை, சூன்யம் என்றால் 'ஒன்றும் இல்லை' என்று நான் எடுத்துக்கொண்டதே தப்பா? அப்படியென்றால் அது வேறு என்ன? இயற்கையைப் பார்த்தே இதைப் புரிந்துகொண்டவர்கள் நிஜமாகவே யாராவது உண்டா, அல்லது அதுவும் சும்மா சொல்கிற பேச்சா?

கம்பத்து வாழைக்காரன்:

தம்பி, எனக்குச் சூத்திரம் தெரியாது, வாழை தெரியும், அதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் வெட்டியது தார் போட்ட மரம். அதில் தண்டு இருக்கத்தான் செய்யும். நாம் மரம் மரம் என்கிறோமே, அது மரமே கிடையாது. நிஜத் தண்டு மண்ணுக்குள் இருக்கிற கிழங்குதான். மேலே நிற்பதெல்லாம் இலையின் அடிமட்டை, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு நிற்கிறது. குருத்து உள்ளே இருந்துதான் கிளம்பும், பழைய மட்டையை வெளியே தள்ளிக்கொண்டே வரும். இப்படியே இலை இலையாக விட்டுக்கொண்டிருந்த கிழங்கு ஒரு கட்டத்தில் இலை போடுவதை நிறுத்திவிட்டுப் பூவுக்குத் திரும்பும். அந்தப் பூவைத் தலையில் தூக்கிக்கொண்டு மட்டைகளுக்கு நடுவே கீழிருந்து மேலே ஏறி வருகிற காம்புதான் நீங்கள் கூட்டு வைத்துச் சாப்பிட்ட தண்டு. அது ஏறுவதற்கு முன்னால் வெட்டியிருந்தால் உங்களுக்குக் கூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலு மாதக் கன்று ஒன்றை வெட்டிப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று. உள்ளே வைரமே இல்லாத ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் எப்படி நிற்கிறது என்று யோசித்தீர்களா? மட்டை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது, உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். தனி மட்டையை எடுத்து நிறுத்திப் பாருங்கள், மடிந்து விழும். அதனால்தான் தார் கனக்க ஆரம்பித்ததும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுக்கிறோம். அப்படியும் ஒரு ராத்திரிக் காற்றில் தோட்டம் மொத்தமும் படுத்துவிடும். போன வருடம் என் தோட்டத்தில் அதுதான் நடந்தது, அறுக்கப் பத்து நாள் இருக்கும்போது. நிலையாமை பற்றி யாராவது எனக்கு வகுப்பு எடுக்க வந்தால் அடிக்கத்தான் தோன்றும்.

பாளி மாணவி:

வாழைக்கார அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். காரணம் சொல்கிறேன்.

அந்தச் சூத்திரத்தின் பாளி மூலத்தில் வாழைக்கு மூன்று அடைமொழி வருகிறது. நேரானது, இளசானது, அப்புறம் 'அகுக்குகஜாதம்'. இந்த மூன்றாவது சொல்லை நானும் முதலில் படித்தபோது ஏதோ அலங்காரம் என்று தாண்டிப் போய்விட்டேன். உரையாசிரியர்கள் அதற்குச் சொல்லும் பொருள், உள்ளே கெட்டியான தண்டு இன்னும் உண்டாகாதது என்பது. பூத்தண்டு ஏறாத இளவாழை! வைரம் தேடிப் போனவன் வெட்டியது அண்ணா சொல்லும் நாலு மாதக் கன்றை. மாலைவெயில் வெட்டியது தாய் வாழையை. புத்தருக்கு வாழைத்தண்டு தெரியாதா என்று கேட்டீர்கள், நன்றாகத் தெரிந்துதான் அந்த ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் நிறையப் பேர் அதை விட்டுவிடுவதால் வரும் வினை இது.

அடுத்து, 'ஒன்றும் இல்லை' என்பது. இதே சம்யுத்த நிகாயத்தில் புத்தரிடம் சீடர் ஆனந்தர் நேராகவே கேட்கிறார்: உலகம் சூன்யம், சூன்யம் என்கிறார்களே, எந்த வகையில்? பதில் ஒரே வரிதான். 'நான்' என்பதும் 'எனது' என்பதும் அதில் இல்லாததால் சூன்யம். கவனியுங்கள், உலகம் இல்லை என்று சொல்லவில்லை. குடத்தில் தண்ணீர் இல்லை என்றால் குடமே இல்லை என்று ஆகாது. சூன்யம் என்ற சொல்லைக் கேட்டால் உடனே 'எதனுடைய இன்மை?' என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இயற்கையை வைத்து இதைப் பழகும் முறையும் உண்டு, மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் 'சூளசுஞ்ஞத சுத்தம்', 121ஆவது. சாவத்தியில் மிகாரமாதாவின் மாளிகையில் இருந்துகொண்டு புத்தர் சொல்கிறார், இந்த மாளிகையில் யானை இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, பொன் வெள்ளி இல்லை, ஆனால் பிக்குகள் கூட்டம் இருக்கிறது. எது இல்லையோ அது இல்லை என்று பார், எது மிச்சம் இருக்கிறதோ அது இருக்கிறது என்று பார். அப்புறம் ஊரை மனதிலிருந்து இறக்கிவிட்டுக் காட்டை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஊர் என்ற நினைப்பால் வரும் தொல்லை இங்கே இல்லை, காடு என்ற நினைப்பால் வரும் தொல்லை மட்டும் இருக்கிறது. அடுத்து காட்டையும் இறக்கிவிட்டு மண்ணை மட்டும், மேடு பள்ளம் ஆறு முள் குத்துக்கட்டை எதையும் பார்க்காமல், நூறு முளை அடித்துச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிய காளைத் தோல் மாதிரி. இப்படியே மேலே மேலே போகிறது. ஒவ்வொரு படியிலும் 'இது இல்லை' என்பதோடு 'இது இருக்கிறது' என்பதும் சேர்ந்தே வருகிறது பாருங்கள்.

பார்த்தே புரிந்துகொண்டவர் உண்டா என்றால், படாசாரா. கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா அப்பா, கூடப்பிறந்தவன் எல்லோரையும் இழந்து பித்துப் பிடித்துப் பிறகு பிக்குணி ஆனவர். பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரீ காதையில் அவர் சொல்லாகவே வருகிறது: கால் கழுவிக்கொண்டே, அந்தத் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்தார், மனம் அடங்கியது. ஊற்றிய தண்ணீர் முதல் தடவை கொஞ்ச தூரம் ஓடி மண்ணில் சுவறியது, இரண்டாவது இன்னும் கொஞ்சம், மூன்றாவது இன்னும் கொஞ்சம் என்று உரை விரித்துச் சொல்கிறது. ஆனால் அதற்கு முந்திய வரியை யாரும் சொல்வதில்லை. ஒழுக்கத்தில் குறையில்லை, சோம்பல் இல்லை, சொன்னபடி செய்கிறேன், எனக்கு ஏன் இன்னும் கிட்டவில்லை என்று புலம்பியவர் அவர். வெறுமனே தண்ணீரைப் பார்த்தவர் இல்லை.

நெட்டைப்பனை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு சின்ன முரண்டு.

நிலையாமை நமக்குப் புதுசா என்ன? பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெயர் வைத்து, அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுவரை நம் ஆட்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இளமை நீர்க்குமிழி, உடம்பு நீரில் எழுதிய எழுத்து என்று குமரகுருபரர் பாடியது பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. அவர் சுத்த சைவர். அங்குத்தர நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பிலும் வாழ்க்கைக்கு இதே குமிழி, இதே நீரில் குச்சியால் கிழித்த கோடு, புல் நுனிப் பனித்துளி எல்லாம் வருகிறது. ஆக உவமையைப் பார்த்தால் சைவமும் ஒன்று, பௌத்தமும் ஒன்று என்று ஆகிவிடும். இயற்கையைப் பார், புரியும் என்பதில் எனக்கு இருக்கும் சிக்கலே இதுதான். ஒரே குமிழியைப் பார்த்துவிட்டு ஒருவர் ஈசனிடம் போகிறார், ஒருவர் புத்தரிடம் போகிறார், ஒருவர் டீக்கடைக்குப் போகிறார்.

எங்கே பிரிகிறது என்று பார்க்க எனக்கு உதவியது குறள்தான். நிலையாமை அதிகாரத்தில் 338. கூட்டைத் தனியே விட்டுவிட்டுப் பறவை பறந்துபோவது போன்றது உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு. அழகான குறள், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பறவை இருக்கிறது. கூடு போகும், பறவை தப்பிக்கும். நம் ஊர் நிலையாமை முக்கால்வாசி இந்த வகைதான், இது போகும் அது நிற்கும் என்று. பௌத்தக்காரர் அந்தக் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டுப் பறவையைக் காணோமே என்கிறார். வாழை உவமை அங்கேதான் குத்துகிறது. குமிழி உடைவதைப் பார்த்தால் நிலையாமை தெரியும். சூன்யத்துக்கு உரித்துத்தான் பார்க்க வேண்டும். மாலைவெயில், நீங்கள் தண்டைக் கண்டதும் 'அதோ பறவை' என்று குதித்தீர்கள் பாருங்கள், எல்லோரும் அப்படித்தான் குதிப்போம்.

மாலைவெயில்:

நெட்டைப்பனை சார், குத்து சரியாக விழுந்தது.

அப்போது இன்னொன்று கேட்கிறேன். பறவையே இல்லையென்றால் பிறவி விட்டுப் பிறவி போவது எது? வாழையையே எடுத்துக்கொள்ளுங்கள், வாழையடி வாழை என்கிறோமே, அங்கே ஏதோ ஒன்று தொடரத்தானே செய்கிறது?

கம்பத்து வாழைக்காரன்:

இதற்கும் நான்தானா? சரி.

ஒரு வாழை ஒரே தடவைதான் தார் போடும், அப்புறம் பட்டுப்போகும். அதற்குள் கிழங்கின் பக்கத்திலிருந்து கன்று முளைத்துவிடும். தாய்க்கும் கன்றுக்கும் மண்ணுக்குள் ஒட்டு இருக்கும், தாய் வெட்டுப்பட்ட பிறகும் அந்தக் கிழங்கில் இருக்கிற சத்தைக் கன்று இழுத்துக்கொள்ளும். நாம் சாப்பிடுகிற ரகங்களில் முளைக்கிற விதை இல்லை, கன்று எடுத்து நட்டதுதான். என் தோட்டத்து ரஸ்தாளி என் அப்பா நட்டதன் வழி. அது இதுதானா என்று கேட்டால், அது இல்லை. அவர் நட்ட ஒரு மட்டைகூட இன்று கிடையாது, கிழங்கும் மக்கிப்போயிற்று, நட்ட இடமும் மாறிவிட்டது. வேறா என்று கேட்டால், வேறு என்று எப்படிச் சொல்வது, அதே ரஸ்தாளிதானே, அதே ருசிதானே. நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

பாளி மாணவி:

மிலிந்த அரசன் நாகசேனர் என்ற பிக்குவிடம் கேட்டதும் இதையேதான், பிறப்பவன் அவனேயா வேறொருவனா? "அவனும் அல்ல, வேறொருவனும் அல்ல" என்பது பதில். இரவெல்லாம் எரியும் விளக்கு, முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்று அவர் திருப்பிக் கேட்டார். ரஸ்தாளி தெரிந்திருந்தால் அதையும் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் அயல் சரக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், மணிமேகலை கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் வைத்துச் சொல்வது இதுதான். பேதைமை, செய்கை, உணர்வு என்று தொடங்கும் பன்னிரண்டு சார்புகள். ஒன்று இருந்தால் அடுத்தது வரும், அது போனால் இதுவும் போகும். 'அநித்தம் துக்கம் அநான்மா அசுசி' என்று தனித்துப் பார்த்துப் பற்றை அறுக்கச் சொல்லும் வரியும் அதிலேயே இருக்கிறது. அநான்மா, அதாவது அந்தப் பறவை இல்லை.

சாலிநெல்:

தாமதமாக வருகிறேன். எல்லோரும் வாழையிலேயே நிற்கிறீர்கள், என் பெயருக்காகவாவது நெல்லை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

'சாலிஸ்தம்ப சூத்திரம்' என்று ஒரு நூல், மகாயானம் என்ற பௌத்தப் பிரிவைச் சேர்ந்தது, பெயரே நெற்பயிர்தான். ராஜகிருகத்தில் கழுகுமலையில் புத்தர் ஒரு நெற்பயிரைப் பார்த்து, சார்பில் தோன்றுவதைப் பார்ப்பவன் தருமத்தைப் பார்க்கிறான், தருமத்தைப் பார்ப்பவன் புத்தரைப் பார்க்கிறான் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். சீடர் சாரிபுத்தர் போய் மைத்ரேயர் என்ற போதிசத்துவரிடம் விளக்கம் கேட்கிறார். விதையிலிருந்து முளை, முளையிலிருந்து இலை, கணு, தண்டு, பூ, மணி. மண் தாங்குகிறது, நீர் நனைக்கிறது, வெப்பம் பக்குவப்படுத்துகிறது, காற்று விரிக்கிறது, வெளி தடுக்காமல் இடம் விடுகிறது, ஆறாவதாகப் பருவம். இதில் மண் 'நான் தாங்குகிறேன்' என்று நினைப்பதில்லை, விதை 'நான் முளையைப் பெற்றேன்' என்று நினைப்பதில்லை, முளை 'என்னை விதை பெற்றது' என்று நினைப்பதில்லை. ஆனாலும் முளை வருகிறது. பருவத்தை ஒரு காரணமாகச் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள், அது யாரோ நாற்று நட்ட ஆள் எழுதியதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மாலைவெயில் அள்ளிய நுரையும் அப்படித்தான். எங்கேயோ இலைதழை மக்கி, அதன் சாறு தண்ணீரில் கரைகிறது. அது கலந்த தண்ணீரில் குமிழி சட்டென்று உடையாது. மதகில் விழும் தண்ணீர் காற்றை அடக்கிக்கொண்டு எழுகிறது, ஓட்டம் தேங்கும் மூலையில் ஒதுங்குகிறது. இதில் எதை எடுத்து 'இதுதான் நுரை' என்பீர்கள்? ஒன்றை விலக்கினாலும் நுரை இல்லை. ஆனால் நுரை பொய்யும் இல்லை, உங்கள் சட்டையில் கறை பட்டிருக்கும்.

மகாயான ஆசிரியர் நாகார்ச்சுனர் இதைத்தான் தன் நூலான மூலமத்யமக காரிகை 24ஆம் அத்தியாயத்தில் ஒரே மூச்சில் சொல்கிறார், எது சார்ந்து தோன்றுகிறதோ அதையே சூன்யதை என்கிறோம் என்று. ஆகவே சூன்யம் என்பது பொருளுக்குள் இருக்கும் ஒரு ஓட்டை இல்லை. தன் காலில் தானே நிற்கும் தன்மை எதற்கும் இல்லை என்பது, அவ்வளவுதான். பாளி மாணவி சொன்னது 'நான், எனது' இல்லை என்ற அளவில் நிற்கும், இவர் அதை மண், நுரை, நெல் எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டார். இரண்டும் ஒன்றேதானா என்று இரண்டாயிரம் வருடமாகச் சண்டை நடக்கிறது, இங்கே ஆரம்பிக்க வேண்டாம். அவரே எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார், சூன்யத்தைத் தப்பாகப் பிடித்தால் பாம்பைத் தப்பாகப் பிடித்த கதை என்று. 'எல்லாம் சூன்யம், எனக்கென்ன' என்று கடனைத் திருப்பிக் கொடுக்காமல் சுற்றும் ஒரு நண்பர் எனக்கு உண்டு. அவருக்கு இந்த வரியை அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை.

மாலைவெயில்:

அண்ணே சொன்னபடி செய்துவிட்டேன். இந்த வாரமும் ஊருக்கு வந்திருக்கிறேன். புதன்கிழமை அடித்த காற்றில் சாய்ந்து கிடந்த இளங்கன்று ஒன்று, பூவனே, என் தோள் உயரம் இருக்கும். வேண்டுமென்று வெட்டவில்லை.

திண்ணையில் போட்டு உரித்தேன். மட்டைக்குக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கிறது, இத்தனை வருடம் வாழையோடு வளர்ந்தும் இதைக் கவனித்ததே இல்லை. வெளிமட்டை பச்சை, அடுத்தடுத்து வெளிறிக்கொண்டே போய் உள்ளே ஈரமாக, வெள்ளையாக, நகம் பட்டாலே கிழிகிற மாதிரி. கடைசியில் ஒரு குருத்து, விரல் கனம், இளமஞ்சள், இறுக்கிச் சுருட்டிய காகிதம் போல. இதுவாக இருக்குமோ என்று ஒரு கணம் நின்றேன், பழக்கதோஷம். மெதுவாகப் பிரித்தேன். அது விரிந்து ஒரு சின்ன இலை ஆனது, அதற்குள் இன்னும் சின்னதாக ஒரு சுருள், அதைப் பிரித்ததும் கையில் கொஞ்சம் ஈரம்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னடா தேடுற, எதாச்சும் விழுந்துருச்சா?" என்று கேட்டார். இல்லம்மா என்றேன். மட்டையெல்லாம் வீணாகிறதே என்று வெளிமட்டைகளை நார் கிழிக்க எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மாட்டுக்குப் போட்டுவிட்டார்.